மோஸ்தார் கல்பாலம்: 1566-ஆ, 2004-ஆ?

பாலாற்றுக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். போஸ்னியாவில் மோஸ்தார் என்ற ஊரில் நெரெத்வா ஆற்றின் மேல் நிற்கும் ஒற்றைக் கண் கல்பாலத்தைப் பற்றிக் கேட்கத்தான் இந்த இழை. படமாவது பார்த்திருப்பீர்கள். பச்சைத் தண்ணீர், இரண்டு கரையிலும் கல் கோபுரம், நடுவில் முதுகு உயர்ந்த வெள்ளைப் பாலம், மேலே இருந்து இளவட்டங்கள் ஆற்றில் குதிப்பார்கள். ஒரு பயணத் தளத்தில் 1566-ல் கட்டியது என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் 2004-ல் திறந்தது என்கிறார்கள். 1993-ல் அது குண்டு பட்டு அப்படியே ஆற்றுக்குள் சரியும் வீடியோவையும் பார்த்தேன், இரண்டு நாள் மனசே சரியில்லை.

நான் சிவில் டிப்ளமா படிக்கிறேன். 16-ஆம் நூற்றாண்டில் நடுவில் தூண் இல்லாமல் இவ்வளவு அகலத்தை எப்படித் தாண்டினார்கள்? அப்புறம், இப்போது இருப்பதைப் பழைய பாலம் என்று சொல்லலாமா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகவே எழுதுங்கள்.

தளவாய்:

தம்பி, நல்ல கேள்வி. நெடுஞ்சாலைத் துறையில் பாலப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். வளைவுப் பாலம் என்றால் இன்றைக்கும் வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து படிப்பேன். முதல் கேள்விக்கு என்னால் முடிந்ததை எழுதுகிறேன்.

அந்த இடத்தில் முன்பு இருந்தது மரப் பாலம், சங்கிலியில் தொங்கியது. ஆடுகிற ஆட்டத்தில் மக்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கடப்பார்கள் என்று 17-ஆம் நூற்றாண்டில் துருக்கிய அறிஞர் காதிப் செலபி எழுதி வைத்திருக்கிறார். ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில், அந்தப் பகுதியை ஆண்ட உஸ்மானிய (ஒட்டோமான்) சுல்தான் சுலைமான் 1557-ல் கல்லில் கட்ட உத்தரவு போட்டார். வேலையை எடுத்துச் செய்தவர் மிமார் ஹைருத்தீன், உஸ்மானியப் பேரரசின் தலைமைக் கட்டடக் கலைஞர் மிமார் சினானின் மாணவர். பாலம் முடிந்தது ஹிஜ்ரி 974-ல், அதாவது 1566. அதே 1566 செப்டம்பரில் சுலைமான் ஹங்கேரிப் போர்க்களத்துக் கூடாரத்தில் இறந்துபோனார், பாலத்தை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

இப்போது அளவுகளைப் பார். கண்ணின் அகலம் சுமார் 29 மீட்டர். பாலத்தின் அகலம் 4 மீட்டர்தான். உச்சியில் இருந்து தண்ணீர் வரைக்கும் 20 மீட்டருக்கு மேல், கோடையில் ஆறு இறங்கினால் 24 மீட்டர் கூட வரும். இத்தனையையும் தாங்குகிற வளைவுக்கல்லின் கனம் சுமார் 80 சென்டிமீட்டர்! இன்றைக்கு ஒரு மாணவன் இந்த விகிதத்தைக் கொண்டுவந்து காட்டினால் கணக்கை இன்னொரு தடவை போடச் சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

நடுவில் தூண் வைக்காததற்குக் காரணம் ஆறு. நெரெத்வா மலை ஆறு, குறுகலான பாறைப் பள்ளத்தில் ஓடுவது, மழைக்காலத்தில் சில மணி நேரத்திலேயே தண்ணீர் பல மீட்டர் ஏறிவிடும். நடுவே கால் ஊன்றினால் வேலை நடக்கும்போதே அடித்துக்கொண்டு போய்விடும். இரண்டு கரையிலும் பாறை இருக்கிறது, அதையே தோளாக வைத்துக்கொண்டார் ஹைருத்தீன். வளைவில் ஒவ்வொரு கல்லும் கீழே விழப் பார்க்கும், ஆனால் இரண்டு பக்கத்துக் கல்லும் அதை நெருக்கிப் பிடிப்பதால் விழ முடியாது. தேரோட்டக் கூட்டத்தில் நடுவில் மாட்டிக்கொண்டவன் மயங்கினாலும் கீழே சாய முடியாது அல்லவா, அந்த மாதிரி. அந்த நெருக்கல் எல்லாம் கடைசியில் கரைப் பாறையில் போய் இறங்குகிறது. பாறை நகரக் கூடாது, அவ்வளவுதான் நிபந்தனை.

ஆனால் அந்தப் பாறை முழுக்கக் கெட்டியான கருங்கல் இல்லை. கூழாங்கல்லும் மணலும் இறுகி உண்டான கூட்டுப்பாறை. ஆற்று நீர் அடியில் அரித்து அரித்துக் குகை மாதிரி ஆக்கிவிடும். அதனால் 20-ஆம் நூற்றாண்டிலேயே அடித்தளத்தைக் கெட்டிப்படுத்தும் வேலை நடந்தது. அந்தச் சமயத்தில் பாலத்தை அங்குலம் அங்குலமாக அளந்து வரைபடம் போட்டார்கள். அந்த வரைபடங்கள்தான் பின்னாளில் கை கொடுத்தன.

வெளியே இருந்து பார்த்தால் வளைவுக்கு மேலே தளம் வரைக்கும் ஒரே கல்லாக அடைத்த மாதிரி தெரியும். உள்ளே அப்படி இல்லை. வளைவுக்கும் தளத்துக்கும் நடுவே இரண்டு ஓரத்திலும் வெற்று இடம் விட்டுக் கட்டியிருக்கிறார். எடை குறையும், வளைவின் மேல் வரும் பாரமும் அளவாகும். வெளியே யாருக்கும் தெரியாத ஒரு இடத்தில் காட்டின இந்தச் சாமர்த்தியத்துக்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம்.

அப்புறம் இரும்பு. பக்கத்துப் பக்கத்துக் கல்லை இரும்புக் கவ்வியால் பிணைத்திருக்கிறார்கள், ஒரு வரிசைக்கும் அடுத்த வரிசைக்கும் இடையே இரும்பு முளை. கல்லில் குழி வெட்டி, அந்தக் குழிக்குப் போக விரல் கனத்தில் வாய்க்காலும் வெட்டி, இரும்பை வைத்துவிட்டு, உருக்கிய ஈயத்தை அந்த வாய்க்கால் வழியாக ஊற்றுவார்கள். ஈயம் இண்டு இடுக்கெல்லாம் போய் இறுகிக்கொள்ளும். கல்லுக்கும் இரும்புக்கும் நடுவில் மெத்தை மாதிரியும் இருக்கும், காற்றும் தண்ணீரும் இரும்பைத் தொடவிடாமல் தடுக்கவும் செய்யும். இரும்பு துருப்பிடித்தால் ஊதிக் கல்லைப் பிளந்துவிடும். ஈயம் ஒழுங்காக நிரம்பாத இடத்தில் துரு வந்து கல் வெடித்ததும் உண்டு.

சாரத்தை எடுக்கிற நாளைப் பற்றி அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். பாலம் நிற்காவிட்டால் தலை போகும் என்று சுல்தான் மிரட்டியதால், ஹைருத்தீன் தன் குழியைத் தானே வெட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தாராம். கதைதான். ஆனால் வளைவுக்கு அடியில் இருந்து சாரத்தைத் தளர்த்துகிற நேரத்தில் பக்கத்தில் நின்ற எந்த இன்ஜினியரும் அந்தக் கதையை நம்புவான். கல் ஒன்றோடு ஒன்று உட்காரும்போது ஒரு சத்தம் வரும், அதைக் கேட்டவனுக்குத்தான் தெரியும்.

தேன்மொழி:

தளவாய் ஐயா, அந்த ஈய வாய்க்கால் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. நான் ஜெர்மனியில் இருக்கிறேன், அந்தப் பாலத்தின் மேல் நடந்திருக்கிறேன். படத்தில் தெரியாத சிலதைச் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கல். தெனெலியா என்பார்கள், அந்த வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல், மோஸ்தாருக்குத் தெற்கே முகோஷா குவாரியில் வெட்டுவது. கிட்டத்தில் போய்ப் பார்த்தால் பளிங்கு மாதிரி இல்லை, சின்னச் சின்ன மணிகள் ஒட்டின மாதிரி பொரபொரவென்று இருக்கும். குவாரியில் இருந்து எடுத்த புதிதில் சுலபமாக வெட்டலாம், காற்றுப்பட நாளாக நாளாக இறுகிவிடும். வெயில் சாயும்போது வெள்ளை மாறி இளமஞ்சளாகிவிடும், படமெடுக்கிறவர்கள் எல்லாம் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கிறார்கள்.

ஆனால் பாலத்தின் தரை வேறு கல், வழவழவென்று தேய்ந்தது. ஏற்றம் நல்ல செங்குத்து. குறுக்கே கொஞ்சம் கொஞ்சம் இடைவெளியில் கல் வரம்பு எழுப்பியிருக்கிறார்கள், படி மாதிரியும் இல்லை, சமதளமும் இல்லை. அதில் கால் பதித்துத்தான் ஏற வேண்டும். மழை பெய்திருந்தால் கைப்பிடிச் சுவரை விடவே முடியாது. முன்னாளில் சுமை ஏற்றிய குதிரையும் கழுதையும் போன பாலம், அதுகளுக்காகத்தான் அந்த வரம்பு என்று அங்கே ஒரு கடைக்காரர் சொன்னார்.

கோபுரம் இரண்டுக்கும் பெயர் ஹலெபியா, தாரா. தாராவில் ஒரு காலத்தில் வெடிமருந்து வைத்திருந்தார்கள், இப்போது அருங்காட்சியகம். பாலத்தைக் காவல் காத்தவர்களை மோஸ்தாரி என்பார்கள், ஊருக்குப் பெயரே அதில் இருந்து வந்தது.

குதிக்கிற பையன்கள் சுற்றுலாவுக்காக இப்போது முளைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1664-ல் வந்த உஸ்மானியப் பயணி எவ்லியா செலபியே பையன்கள் குதிப்பதை எழுதியிருக்கிறார். பாறையில் இருந்து பாறைக்கு வானவில் போட்ட மாதிரி இருக்கிறது, இத்தனை நாடு சுற்றியும் இவ்வளவு உயரமான பாலத்தைப் பார்த்ததில்லை என்று அவர் வியந்தது இந்தப் பாலத்தைத்தான். 1968 முதல் முறையான போட்டி நடக்கிறது. கோடையிலும் நெரெத்வா தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும். குதிப்பவர்கள் முதலில் உடம்பெல்லாம் தண்ணீரை ஊற்றி நனைத்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அந்தக் குளிர் நெஞ்சை அடைத்துவிடும்.

முத்துக்குமரன்:

எல்லாம் சரி. ஆனால் பாலாற்றுக்காரரின் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. நேராகவே சொல்கிறேன், இப்போது நிற்பது நகல். ஹைருத்தீன் கட்டிய பாலம் 1993 நவம்பர் 9 காலை பத்தே கால் மணிக்கு முடிந்துபோனது. 427 வருஷம் நின்றது, போனது. அதன் கற்கள் இன்றைக்கும் வேறாகத்தான் கிடக்கின்றன. குவாரியில் புதிதாக வெட்டிய கல்லில், இரும்புச் சாரத்தின் மேல் 21-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஒன்றைப் "பழைய பாலம்" என்று அழைத்துச் சுற்றுலாக்காரர்களுக்குக் காட்டுவது எனக்கு உறுத்துகிறது.

தொல்லியல் பாதுகாப்பில் 1964-ன் வெனிஸ் சாசனம் என்று ஒன்று உண்டு. அதன் போக்கே, இருப்பதைக் காப்பாற்று, ஊகத்தில் புதிதாகக் கட்டாதே என்பதுதான். விழுந்து சிதறிய அசல் துண்டுகளை எடுத்துத் திரும்பப் பொருத்தினால் ஏற்றுக்கொள்ளலாம். இங்கே அசல் துண்டே போகவில்லையே. நம் பக்கத்தில் பழைய கோயில் மண்டபத்தை இடித்துவிட்டு "அதே மாதிரி" கட்டித் தருகிறோம் என்று வருகிறவர்களை எதிர்க்கிறோம், இங்கே மட்டும் ஏன் கைதட்ட வேண்டும்?

தளவாய்:

முத்துக்குமரன், உங்கள் கோபம் நியாயம்தான். நிற்கிற கட்டடத்தை இடித்துப் புதுசாகக் கட்டுவதை நானும் கடைசி வரை எதிர்ப்பேன். ஆனால் இங்கே யாரும் புதுப்பிக்கிறேன் என்று இடிக்கவில்லை. பீரங்கி வைத்துத் தகர்த்தார்கள். இந்த வித்தியாசத்தை விட்டுவிட்டுச் சாசனத்தை மட்டும் படிக்க முடியாது.

அசல் கல்லைப் பற்றிச் சொன்னீர்கள். அதைப் பயன்படுத்தத்தான் முதலில் பார்த்தார்கள். 1997-ல் ஹங்கேரி ராணுவத்தின் முக்குளிப்பு வீரர்கள் ஆற்றுக்குள் இறங்கி, கல்லையும், இன்னும் கட்டு விடாமல் ஒட்டிக்கொண்டிருந்த பெரிய பாளங்களையும் தூக்கினார்கள். கரையில் வைத்து ஆராய்ந்தபோது வெடிப்பும் விழுந்த அடியும் தண்ணீரில் ஊறியதும் சேர்ந்து அவை வளைவின் பாரத்தைத் தாங்கும் நிலையில் இல்லை. அதனால்தான் புதுக் கல். ஆனால் அந்தக் கற்கள் சும்மா கிடக்கவில்லை. குழி எங்கே, ஈய வாய்க்கால் எந்தச் சாய்வில், உளி எந்தப் பக்கமாகப் போயிருக்கிறது, கவ்வி எவ்வளவு நீளம், எல்லாவற்றையும் அந்தக் கற்களைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். நின்றுகொண்டிருந்த 427 வருஷத்தில் யாருக்கும் காட்டாத உள்ளுறுப்பை உடைந்த பிறகு காட்டியது அந்தப் பாலம்.

நான் மறுபடி மறுபடி படித்து வியந்த ஒன்று உண்டு. பழைய பாலம் கச்சிதமான வளைவு கிடையாது. இரண்டு பக்கமும் சமம் இல்லை, அங்கங்கே கோணல், நூற்றாண்டுக் கணக்கில் உட்கார்ந்து உருமாறிய இடங்கள். கம்ப்யூட்டரில் ஒரு அழகான வளைவு போட்டு ஒரே அளவில் கல் வெட்டித் தள்ளியிருந்தால் வேலை பாதியாகியிருக்கும். அதைச் செய்யவில்லை. போருக்கு முந்தைய அளவீடுகளை வைத்து அந்தக் கோணலோடு சேர்த்தே கட்டினார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட கற்கள், அதனதன் இடத்துக்கு ஏற்ப, தனித்தனி வரைபடம் போட்டுச் செதுக்கியவை. ஒரு கல்லைத் தூக்கி இன்னொன்றின் இடத்தில் வைக்க முடியாது. கடைசிக் கட்டம் முழுக்கக் கையால் உளி வைத்துச் செய்தது.

வேலை 2001 ஜூனில் தொடங்கியது, வளைவின் முதல் கல் 2003 ஏப்ரலில், வளைவு மூடியது அதே ஆகஸ்டில், திறப்பு 2004 ஜூலை 23. யுனெஸ்கோ, உலக வங்கி, ஆகா கான் அறக்கட்டளை எல்லாம் சேர்ந்த வேலை. இத்தாலி, துருக்கி, நெதர்லாந்து, குரோவேஷியா பணம் கொடுத்தன. சுற்றியுள்ள பழைய தெருக்களையும் சேர்த்து மொத்தச் செலவு சுமார் ஒன்றரைக் கோடி டாலர். கல்வேலையைச் செய்தது துருக்கி நிறுவனம் ஒன்று. இரும்பைக் கல்லில் வைத்து ஈயம் ஊற்றுகிற கையை மறுபடி பழகித்தான் செய்தார்கள். முதலில் சோதனைக் கல்லில் ஊற்றி, பிளந்து பார்த்து, உள்ளே முழுசாக நிரம்பியிருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு அப்புறம்தான் பாலத்தில் கை வைத்தார்கள். இந்தக் கைவேலை செத்துப் பல தலைமுறை ஆகியிருந்தது. அதை உயிரோடு எழுப்பியதற்கு என்ன பெயர் வைப்பீர்கள்? நகல் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்க என்னால் முடியவில்லை.

வடமராட்சியான்:

கட்டினதைப் பற்றிக் கதைக்கிறீர்கள், உடைத்ததைப் பற்றியும் ஒருவர் எழுத வேண்டும். இந்தப் பாலத்தைப் பற்றி எங்கே படித்தாலும், "இரண்டு இனங்களை இணைத்த பாலம், போரில் உடைந்தது, திரும்பக் கட்டியதும் இரண்டு கரையும் சேர்ந்தது" என்று ஒரே பல்லவி. ஊர் வரைபடத்தை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் அது பிழையென்று விளங்கும்.

1992-ல் யூகோஸ்லாவிய ராணுவமும் செர்பியப் படைகளும் மலையில் இருந்து ஊரை அடித்தபோது போஸ்னிய முஸ்லிம்களும் குரோவாட்டுகளும் ஒரே பக்கம் நின்றார்கள். ஊரில் நெரெத்வா மேல் இருந்த மற்றப் பாலங்கள் எல்லாம் அந்த வருஷமே போய்விட்டன, பழைய பாலம் காயத்தோடு தப்பியது. 1993 மே மாதம் அந்த இரண்டு தரப்பும் தங்களுக்குள்ளேயே சண்டை பிடிக்கத் தொடங்கின. அப்போது முன்னரங்கு எங்கே இருந்தது? ஆற்றில் இல்லை. ஆற்றுக்கு மேற்கே பூலெவார் என்கிற அகலமான வீதியில். வீதிக்கு மேற்கே குரோவாட் படை, கிழக்கே போஸ்னிய ராணுவம். பூலெவாருக்கும் ஆற்றுக்கும் இடைப்பட்ட மேற்குக் கரைத் துண்டில் முஸ்லிம் சனம் முற்றுகையில் இருந்தது. ஆகவே பழைய பாலத்தின் இரண்டு முனையும் ஒரே தரப்பின் கையில்தான் இருந்தன. அந்தத் துண்டில் இருந்த சனத்துக்குச் சாப்பாடும் மருந்தும் அந்தப் பாலத்தால்தான் போனது. படையினரும் அதால்தான் போய்வந்தார்கள்.

அந்தச் சனம் பாலத்தைக் காப்பாற்றப் பட்ட பாட்டைப் படங்களில் பார்க்கலாம். மேலே சாரம் கட்டித் தகரம் போட்டு, பக்கத்தில் பழைய டயர்களைத் தொங்கவிட்டு வைத்திருந்தார்கள். டாங்கிக் குண்டுக்கு டயர் எந்த மூலைக்கு? தெரிந்தும் கட்டினார்கள். நவம்பர் 8-ஆம் திகதி தொடங்கிக் குரோவாட் படை நேரடியாகக் குறிவைத்து அடித்தது, அறுபதுக்கு மேல் குண்டு. அடுத்த நாள் காலையில் விழுந்தது. பிறகு அந்த இடத்தில் கம்பியில் தொங்கும் நடைபாலம் ஒன்றைக் கட்டித்தான் சனம் ஆற்றைக் கடந்தது.

அதனால் முத்துக்குமரன் அண்ணையும் தளவாய் ஐயாவும் கல்லைப் பற்றி வாதாடுவது எனக்கு விருப்பம், ஆனால் "சமாதானப் பாலம்" என்ற பேச்சை மட்டும் என்னால் விழுங்க முடியாது. பிரித்தது ஆறு இல்லை, வீதி. வீதிக்கு ஒருவரும் பாலம் போடவில்லை.

பாலாற்றுக்காரன்:

இது எனக்குத் தெரியவே தெரியாது அண்ணே. எல்லா வீடியோவிலும் அந்த இணைப்புக் கதைதான். உடைத்தவர்களுக்குத் தண்டனை கிடைத்ததா? அறுபது குண்டு போட்டு ஒரு பாலத்தை அடித்தால் அது குற்றம் ஆகாதா?

வடமராட்சியான்:

தம்பி, அது சிக்கலான கதை. ஹேக் நகரில் இருந்த யூகோஸ்லாவியாவுக்கான சர்வதேசக் குற்றத் தீர்ப்பாயத்தில் குரோவாட் தரப்புத் தலைவர்கள் ஆறு பேர் மேல் வழக்கு நடந்தது. அதில் ஒருவர் ஸ்லோபோதான் பிரல்யாக், அந்தப் படையின் தளபதியாக இருந்தவர். 2013 தீர்ப்பில் நீதிபதிகள் சொன்னது: பாலம் ராணுவப் பயன்பாட்டில் இருந்ததால் தாக்கக்கூடிய இலக்குத்தான், ஆனாலும் அதை அழித்ததால் முற்றுகையில் இருந்த பொதுமக்களுக்கு வந்த கேடு அதனால் கிடைத்த ராணுவ ஆதாயத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாத அளவு பெரியது, ஆகவே குற்றம்.

2017 நவம்பர் 29-ல் மேல்முறையீட்டில் அந்தப் பகுதியை மட்டும் மாற்றிவிட்டார்கள். ராணுவ இலக்கு என்று நீங்களே ஒப்புக்கொண்ட பிறகு, ராணுவத் தேவை இல்லாமல் அழித்ததாக எப்படிச் சொல்வது என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் வாதம். பொக்கார் என்ற நீதிபதி அதை ஏற்காமல் தனியாக எழுதினார். மற்றக் குற்றங்களுக்காகப் பிரல்யாக்குக்குக் கொடுத்த இருபது வருஷச் சிறை அப்படியே உறுதியானது. தீர்ப்பு வாசித்துக்கொண்டிருக்கும்போதே பிரல்யாக் நீதிமன்றத்தில் எல்லோரும் பார்க்க நஞ்சைக் குடித்தார், அன்றைக்கே இறந்துபோனார்.

சட்டம் தெரிந்தவர்கள் மேல்முறையீட்டுத் தீர்ப்பு தர்க்கப்படி சரி என்பார்கள். எனக்கு 2013 தீர்ப்புத்தான் நிஜத்தைத் தொட்டது. நாலு மீட்டர் அகலக் கல்பாலத்தால் எவ்வளவு ஆயுதம் போயிருக்கும், எத்தனை பேருக்கான மாவும் தண்ணீரும் போயிருக்கும் என்று அவர்கள்தான் எடைபோட்டார்கள்.

முத்துக்குமரன்:

வடமராட்சியான் எழுதியதைப் படித்த பிறகு என் வாதம் இன்னும் உறுதியாகிறது. யுனெஸ்கோ 2005-ல் இந்தப் பாலத்தையும் சுற்றுப்புறத்தையும் உலக மரபுச் சின்னமாகச் சேர்த்தது. எந்த அடிப்படையில் என்று பார்த்தீர்களா? ஆறாவது அளவுகோல் ஒன்றை மட்டும் வைத்து. அது கட்டடக் கலைக்கான அளவுகோல் இல்லை. சம்பவங்களோடும் கருத்துகளோடும் ஒரு இடத்துக்கு உள்ள தொடர்பைப் பார்ப்பது. அதாவது, கலைச் சிறப்புக்காகப் பட்டியலில் சேர்க்கவில்லை, நல்லிணக்கத்தின் சின்னம் என்பதற்காகச் சேர்த்தார்கள். அந்தச் சின்னக் கதையே வரைபடத்தில் பொருந்தவில்லை என்கிறார் இவர். அப்போது என்ன மிச்சம்?

தளவாய்:

கைவேலை மிச்சம். யுனெஸ்கோ எந்தப் பெட்டியில் டிக் அடித்தது என்பதை வைத்து ஒரு வளைவின் தரத்தை நான் பார்ப்பதில்லை. சின்னம் என்ற சுமையை ஏற்றியது பத்திரிகைக்காரர்களும் திறப்பு விழாவுக்கு வந்த தலைவர்களும். அந்தச் சுமையை இறக்கி வைத்துவிட்டுப் பாருங்கள். 29 மீட்டர் தாண்டும் ஒரு கல்வளைவு, ஹைருத்தீன் யோசித்த அதே முறையில், அதே குவாரிக் கல்லில், அதே கோணலோடு, அதே பாறைத் தோளில் நிற்கிறது. பாரம் அதே வழியில்தான் பாறைக்குள் இறங்குகிறது. உள்ளே கான்கிரீட் வைத்து வெளியே கல் ஒட்டின வேலையாக இருந்தால் நானே முதல் ஆளாக உங்கள் பக்கம் வந்திருப்பேன். இங்கே கல்தான் கல்லைத் தாங்குகிறது.

ஒன்றில் உங்களோடு ஒத்துப்போகிறேன். வருகிறவர்களுக்கு 2004 என்பதைப் பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும், மறைக்கக் கூடாது. மறைத்தால் ஹைருத்தீனுக்கும் மரியாதை இல்லை, மறுபடி செதுக்கியவர்களுக்கும் மரியாதை இல்லை.

தேன்மொழி:

மறைக்கவில்லை ஐயா. தாரா கோபுரத்து அருங்காட்சியகத்தில் ஆற்றில் கிடைத்த பொருள்கள், மறுகட்டுமானப் படங்கள், முன்பிருந்த மரப் பாலத்தின் தடயம் எல்லாம் வைத்திருக்கிறார்கள். பாலத்து ஓரத்தில் "93-ஐ மறக்காதே" என்று ஆங்கிலத்தில் எழுதின ஒரு கல்லும் இருக்கிறது.

வடமராட்சியான் அண்ணா சொன்ன பூலெவாரைப் பற்றி நான் பார்த்ததை எழுதுகிறேன். பாலத்தடியில் கூட்டம் நெரியும், செம்புச் சாமான் கடை, காபிக்கடை, கொடியைத் தூக்கிப் பிடித்த வழிகாட்டிகள். அங்கே இருந்து மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பூலெவார். ஒரு சுற்றுலாக்காரரும் இல்லை. கூரை இல்லாத கட்டடங்கள், ஜன்னல் இருந்த இடத்தில் செடி முளைத்திருந்தது, சுவர் முழுக்கக் குண்டுத் துளை. சில இடத்தைச் சீர்செய்துவிட்டார்கள், சிலது அப்படியே நிற்கிறது. அந்தத் தெருவின் ஓரத்தில்தான் மோஸ்தார் ஜிம்னாசியம் என்ற பழைய பள்ளி. ஒரே கட்டடத்தில் போஸ்னியப் பிள்ளைகளுக்கு ஒரு பாடத்திட்டம், குரோவாட் பிள்ளைகளுக்கு இன்னொன்று. நகராட்சித் தேர்தல் 2008-க்குப் பிறகு நடக்கவே இல்லை, மறுபடி நடந்தது 2020 டிசம்பரில். யார் எப்படி வாக்கைப் பங்கு போடுவது என்று கட்சிகள் ஒத்துப்போக அவ்வளவு காலம் ஆனது.

இதையெல்லாம் பார்த்த பிறகும் அந்தப் பாலத்தின் மேல் எனக்கு ஆசை குறையவில்லை. எனக்குக் காபி கொடுத்த அம்மா, வளைவு மூடின நாளில் ஆற்றங்கரையில் நின்று அழுதவர். அவருக்கு அது நல்லிணக்கமும் இல்லை, நகலும் இல்லை. "எங்கள் கிழவன் திரும்பி வந்துவிட்டான்" என்றுதான் சொன்னார். அந்த ஊரில் பாலத்தை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், கிழவன் என்று, வீட்டுப் பெரியவரைச் சொல்வது போல.

முத்துக்குமரன்:

தேன்மொழி, அந்த அம்மாவின் பேச்சுக்கு முன்னால் நான் வாதம் செய்ய மாட்டேன். ஆனால் என் நிலை அதேதான். அவருக்குக் கிழவன் திரும்பி வந்திருக்கலாம், வரலாறு படிக்கிறவன் 1566-ஐயும் 2004-ஐயும் ஒரே வரியில் எழுதக் கூடாது. கைவேலை தொடர்கிறது என்று தளவாய் ஐயா சொல்வது பலமான வாதம், அதை ஏற்கிறேன். பொருள் தொடரவில்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

பாலாற்றுக்காரன்:

நான் கேட்டது ஒன்று, கிடைத்தது பத்து. கடைசியாக ஒன்று கேட்கிறேன். அந்த மாதிரி உஸ்மானியக் காலத்து வளைவுகளில் உடையாமல், திரும்பக் கட்டாமல் அசலாகவே நிற்பது பக்கத்தில் ஏதாவது உண்டா? மோஸ்தாரிலேயே சின்னப் பாலம் ஒன்று படத்தில் பார்த்தேன்.

தளவாய்:

நீ பார்த்தது கிரிவா சுப்ரியாவாக இருக்கும் தம்பி, கோணல் பாலம். பழைய பாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில், நெரெத்வாவில் சேரும் ராதோபொல்யா என்ற சிற்றாற்றின் மேல். 1558-ல் கட்டியது, பெரிய பாலத்துக்கு முன்பே. பெரியதைக் கட்டக் கை பழகச் சின்னதைக் கட்டிப் பார்த்தார்கள் என்று ஊரில் சொல்வார்கள். அது போரில் தப்பியது. ஆனால் 1999 கடைசியில் வந்த வெள்ளத்தில் போய்விட்டது. 2001-ல் திரும்பக் கட்டினார்கள். அதனால் அதுவும் உன் கணக்கில் வராது.

அசலாகப் பெரியது வேண்டுமென்றால் கிழக்கே விஷெகிராத் போ. திரினா ஆற்றின் மேல் மிமார் சினானே கட்டிய பாலம், 1577-ல் முடிந்தது, 11 கண், சுமார் 180 மீட்டர் நீளம். இரண்டு உலகப் போரிலும் சில கண்களை உடைத்தார்கள், பழுது பார்த்தார்கள், ஆனால் பெரும்பகுதி அதே உடம்பு. முத்துக்குமரனுக்குக்கூடப் பிடிக்கும். அது வேறு கணக்கு, அகலமான ஆறு, அதனால் தூண் வைத்துப் பல கண்ணாகப் பிரித்திருக்கிறார். மாணவன் ஒரே எட்டில் தாண்டினான், ஆசான் பதினோரு எட்டில் தாண்டினார். இரண்டின் வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள். பாரம் எங்கே இறங்குகிறது, தண்ணீரை எதிர்கொள்ளும் தூண் முன்மூக்கை ஏன் கூராக வைத்திருக்கிறார், வெள்ளம் வந்தால் எது எங்கே தாங்கும் என்று நீயே பென்சிலில் போட்டுப் பார். சந்தேகம் வந்தால் படத்தை இங்கே போடு, சேர்ந்து பார்க்கலாம்.